மண் இறங்கும், ஏறாது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. கண்ணூறு படாமலிருக்கவென்று என் மனைவி வாசுகி வாசலில் கட்டித் தொங்கவிட்ட தேசிக்காயை அவிழ்த்துப் பிழிந்து, சீனி போட்டுக் கரைத்துக் குடித்தவன் நான். அதற்காக மூன்று நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. பேய், முனி, ஆவி என்று யாராவது வாய் திறந்தால், "நீங்கள் கண்டதோ, கேட்டதோ?" என்று முதல் கேள்வியிலேயே ஆளை மடக்கிவிடுவேன். அந்தக் கேள்வியை இப்போது நீங்கள் என்னிடம் கேட்கலாம். கண்டது. கண்டது மட்டுமில்லை, கையால் தொட்டது.

நான் செயற்கைக் கால் செய்கிறவன். வீடு பரந்தனில், வேலை கிளிநொச்சியில், இருபது வருடத்துக்குக் கிட்ட இதே தொழில். சனம் எனக்கு வைத்திருக்கிற பெயர் காலண்ணை. கால் போட வந்தவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் எழுப்பி நிற்க வைத்துவிட்டு, முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்துகொண்டு அவருடைய இரண்டு பக்க இடுப்பெலும்பிலும் கையை வைப்பேன். ஒரு பக்கம் பதிந்திருந்தால் அந்தக் காலுக்குக் கீழே மெல்லிய பலகைத் துண்டை வைத்து ஏற்றுவேன். என் இரண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஆளை விடமாட்டேன், ஏனென்றால் இடுப்பு மட்டமில்லாவிட்டால் ஐந்து வருடத்தில் நாரி பிடித்து முதுகே போய்விடும். இது எனக்கு ஒரு வியாதியாகவே வந்துவிட்டது. கோயிலுக்குப் போனால் சாமியை விட்டுவிட்டு முன்னுக்கு நிற்கிறவர்களின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாசுகி முழங்கையால் இடிப்பாள்.

களிமண் கதைக்கு வருகிறேன். பொருத்துகிற குழாய்க்கு மேலே கெண்டைக்கால் மாதிரித் தெரிய ஒரு உறை போடுவோம். நான் செய்கிற கெண்டைக்கால் எல்லாம் வாழைக்குற்றி போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எனக்குச் சுரீர் என்றது. அந்தக் கோபத்தில்தான், சனிக்கிழமைப் பின்னேரங்களில் களிமண்ணில் மனித உருவம் செய்யப் பழக்குகிற ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பழக்கியது யாழினி என்ற சித்திர ரீச்சர். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, வாய் மட்டும் என்னைவிடக் கூட.

முதல் மாதத்திலேயே எங்களுக்குள் கொழுவல். நான் செய்த உருவத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது ஆள் இல்லை, புடவைக்கடைப் பொம்மை" என்றார்.

"ஏன் ரீச்சர், அளவு எல்லாம் சரிதானே?"

"அளவு சரி. ஆனா மனிசர் இப்பிடி நிக்க மாட்டினம். ஒரு காலிலை பாரம் போகும், மற்றக் கால் சும்மா கிடக்கும். பாரம் போற பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும். ஒரு ஆளைத் தூரத்திலை கண்டு பிடிக்கிறது முகத்தை வச்சில்லை, நிக்கிற விதத்தை வச்சுத்தான்."

"இடுப்பு ஏறினா அது வருத்தம் ரீச்சர். அதை நிமித்தத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்கள்."

"அப்ப இப்ப உங்கட இடுப்பிலை கை வச்சுப் பாருங்கோ."

வைத்துப் பார்த்தேன். வகுப்பே சிரித்தது. நான் ஒற்றைக் காலில் சாய்ந்துகொண்டுதான் நின்றிருந்தேன். ஆனாலும் என் கை கேட்டால்தானே. களிமண்ணை எடுத்தால் அது தானாக மட்டத்துக்குப் போய் நிற்கும்.

பூமணி அக்கா இதற்குள் வந்தது இப்படித்தான். அவா நாயாற்றில் இருக்கிறா, கருவாடு போட்டு விற்கிறவா. சண்டையின் கடைசியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இதுவரை மூன்று கால் நான்தான் அவாவுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். நான் மண்ணில் ஆள் செய்யப் பழகுகிறேன் என்று வேலைத்தளத்தில் யாரோ பகிடியாகச் சொன்னது அவாவின் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்குப் பட்டி மாற்ற வந்தவா, வேலை முடிந்தும் எழும்பாமல் கதிரையிலேயே இருந்தா.

"தம்பி, எனக்கு ஒரு மகள் இருந்தவள். கலா. பதின்மூண்டு வயசு. என்ர கால் போன அண்டைக்குத்தான் அவளும் போனவள். படம் ஒண்டும் மிஞ்சேல்லை, அல்பம் எல்லாம் வழியிலை விட்டிட்டம்."

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

"இப்ப ஒரு வருசமாய் எனக்கு அவளின்ர முகம் வருகுதில்லை. கண்ணை மூடிப் பாக்கிறன், வருகுதே இல்லை. பெத்த பிள்ளையின்ர முகத்தை மறந்த தாய் நானாத்தான் இருப்பன்." அழவில்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னா. "நான் உங்களட்டை முகம் கேக்கேல்லை தம்பி. மறந்த முகத்தை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? தூரத்திலை நிண்டு பாக்கேக்கை என்ர பிள்ளை நிக்கிறாள் எண்டு தெரிஞ்சாப் போதும்."

உடனே ஓமென்று சொல்லிவிட்டேன். பெரிய வேலைக்காரன் என்ற நினைப்பு. உயரம் கேட்டேன், மெலிவோ மொத்தமோ என்று கேட்டேன், இரட்டைப் பின்னலா ஒற்றையா என்று கேட்டேன், முழங்கால் வரைக்கும் சட்டை என்றா. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்து வேலையைத் தொடங்கினேன். இரண்டரை அடி உயரம். உள்ளே ஒரு தடி நிறுத்தி, அதைச் சுற்றிப் பழைய பேப்பர் கட்டி, அதற்கு மேலே மண். வேலை முடிந்ததும் ஈரத் துணி சுற்றிப் பொலித்தீனால் மூடிவிடுவேன், மண் காயக் கூடாது. கால், சட்டை, இடுப்பு, தோள் என்று பத்து நாளில் எழும்பி வந்தாள். கைகளை முழங்கையோடு நிறுத்தியிருந்தேன், முகத்தில் மூக்குக்கு ஒரு மேடு மட்டும். இடுப்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நீர்க்குமிழ் நட்ட நடுவில் நின்றது. எனக்கென்றால் சந்தோசம்.

அடுத்த நாள் காலையில் துணியை அவிழ்த்தால் இடது இடுப்பு ஒரு விரல் மொத்தத்துக்கு உயர்ந்து நின்றது.

சரி, வலது பக்கம் இறங்கிவிட்டது, ஈர மண் இறங்கும்தானே என்று அளவுகோலை எடுத்தேன். வலது இடுப்பு பலகையிலிருந்து முதல் நாள் இருந்த அதே உயரம். ஒரு நூல்கூட இறங்கவில்லை. இடது பக்கம்தான் ஏறியிருக்கிறது. இருபது வருடமாகச் சாந்தும் பிளாஸ்டரும் பிசைகிறவன் சொல்கிறேன், மண் இறங்கும், சரியும், வெடிக்கும். மண் ஏறாது.

"வாசுகி, நீ இதிலை கை வச்சனியே?"

"இஞ்சரப்பா, உந்தச் சேத்தைத் தொட எனக்கென்ன விசரே?"

தட்டி மட்டமாக்கினேன். அடுத்த நாளும் ஏறி நின்றது. ரீச்சருக்குப் போன் எடுத்தேன். தடி ஈரத்தில் ஊதியிருக்கும் அண்ணை, அதுதான் தள்ளுகிறது என்றார். நியாயமான கதை. தடியை இழுத்து எடுத்துவிட்டு எங்கள் வேலைத்தளத்து அலுமினியக் குழாய் ஒன்றை இறக்கினேன், நூறு கிலோ ஆளைத் தாங்குகிற குழாய், அது ஊதவும் மாட்டாது வளையவும் மாட்டாது. திரும்பவும் மட்டமாக்கினேன். விடிய எழும்பிப் போனால், அதே இடது இடுப்பு, அதே ஒரு விரல். இந்த முறை இடது தோளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரீச்சரிடம் சொன்னேன். "அப்ப நீங்கள் நித்திரையிலை எழும்பிப் போய்ச் செய்யிறியள் போல" என்று சிரித்தார். எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் தொழிலில் என்னோடு யாரோ போட்டிக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

பூமணி அக்கா பார்க்க வருகிறேன் என்று சொன்ன நாள் காலையிலும் ஏறித்தான் நின்றது. அவா பஸ்ஸால் இறங்கி வருவதற்குள் அவசரம் அவசரமாகத் தட்டி மட்டமாக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, முற்றத்தில் ஒரு மேசையில் தூக்கி வைத்தேன். அவா படலையடியிலேயே நின்றா, உள்ளே வரவில்லை. அங்கே நின்றே பார்த்தா. கனநேரம் பார்த்தா.

"வடிவான பிள்ளை தம்பி" என்றா. "ஆனா இது என்ர பிள்ளை இல்லை."

வாசுகி தேத்தண்ணி கொண்டு வர முன்னமே திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டா. நான் செய்த காலோடு, நான் மட்டமாக்கிய இடுப்போடு, ஒரு சாய்வு இல்லாமல் நேராக நடந்து போனா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவாவுக்கு இருந்த ஒரு நம்பிக்கையையும் நான்தான் கெடுத்தேன் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நல்ல மத்தியான வெயில், வாசுகி குசினியில் மீன் பொரிக்கிறாள், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது, இருட்டுமில்லை ஒரு மண்ணுமில்லை. இன்றைக்கு இதை ஒரு கை பார்ப்பது என்று கதிரையை முன்னால் போட்டுக்கொண்டு இருந்தேன். பொலித்தீனை எடுத்தேன். இடது பக்கம் ஏறித்தான் இருந்தது. வழக்கம்போல மட்டமாக்கினேன். மட்டமாக்கிவிட்டுக் கையை எடுக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவில் நிற்கிற ஆளைப் பிடிப்பது போல இரண்டு பக்க இடுப்பிலும் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் என் வேலையைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். நிற்கிற ஒருவர் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்ற முதல், அவருக்கே தெரியாமல் இடுப்புத் தசை ஒருதரம் இறுகும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். எத்தனை ஆயிரம் பேரிடம் அதை உணர்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நித்திரையில் என் கையை எடுத்து வைத்தாலும் சொல்வேன்.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். என் இடது கைக்குள் இல்லை, வலது கைக்குள்தான், அதாவது எனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் இடது இடுப்பில், மண் இறுகியது. இறுகிவிட்டு, என் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. முரட்டுத்தனமாக இல்லை. பாரமாக எதையோ தூக்கி வைத்திருக்கிற ஒருவர், கொஞ்சம் விலகுங்கோ என்று சொல்லாமல் சொல்வது போல.

கையை எடுத்தேன். ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. வாசுகி சாப்பிடக் கூப்பிட்டாள், போய்ச் சாப்பிட்டேன், இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், பார்த்துவிட்டு ரசமட்டத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு அந்த இடுப்பை நான் தொடவில்லை. அதுவும் அதற்கு மேல் அசையவில்லை.

பூமணி அக்காவை ஒருக்கால் வந்து பாருங்கோ என்று கெஞ்சித்தான் கூப்பிட்டேன். கூட்டிக்கொண்டு வர ஓட்டோ அனுப்பினேன். படலையடியில் இறங்கினா, முற்றத்து மேசையைப் பார்த்தா, ஒரு கையால் படலையைப் பிடித்தா. பிறகு பிடியை விட்டுவிட்டு நேரே நடந்து வந்தா. வருகிற வேகத்தைப் பார்த்து, கால் தடக்கி விழப்போறா என்று நான் ஓடினேன். உருவத்துக்கு முன்னால் வந்து நின்று முகத்தை அவா பார்க்கவே இல்லை. இடது இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தைத்தான் பார்த்தா.

"சின்னவன் எங்கை தம்பி?" என்றா.

எனக்கு விளங்கவில்லை. வாசுகிதான் கதிரை கொண்டுவந்து போட்டு இருத்தினாள்.

"எனக்கு ரெண்டு பிள்ளையள். கடைக்குட்டிக்கு ஒண்டரை வயசு. இடம்பெயரேக்கை நான் மூட்டை முடிச்சைத் தூக்கினன், அவள் தம்பியைத் தூக்கினாள். நாலு மாசம் இடுப்பாலை இறக்கேல்லை. நிண்டாலும் இருந்தாலும் அவன் அவளின்ர இடுப்பிலைதான். போகேக்கையும் ரெண்டும் ஒண்டாத்தான் போனதுகள்."

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"ஒண்டைச் செய்து தரச் சொல்லிக் கேக்கவே எனக்கு வாய் வரேல்லை" என்றா. "ரெண்டை எப்பிடித் தம்பி கேக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. ஒளிக்கவில்லை, நின்ற இடத்தில் நின்று அழுதேன். வாசுகி எனக்கு முன்னமே தொடங்கிவிட்டாள். அழாமல் இருந்தது அக்கா ஒருத்திதான். அவா மண் பிள்ளையின் தோளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, ஓம், ஓம் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு வருடமாக வராத பிள்ளை வந்துவிட்டாள் என்று எனக்கு அந்த ஓமிலேயே தெரிந்தது.

சின்னவனையும் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாமென்றுவிட்டா. இடது கையை மட்டும் பிள்ளையை அணைத்துப் பிடிக்கிற மாதிரி வளைத்துவிடச் சொன்னா, வலது கை சும்மா தொங்கட்டும் என்றா.

"அக்கா, கை வெறுமனே நிக்குமெல்லே?"

"அவனை நீங்கள் செய்ய வேண்டாம். அவள் வச்சிருக்கிறாள்."

அப்படியே செய்தேன். அரைவாசி காய்ந்ததும் முதுகுப் பக்கத்தை வெட்டித் திறந்து, உள்மண்ணைக் கோதி எடுத்து, குழாயை உருவிவிட்டுத் திரும்ப ஒட்டினேன். உள்ளே மொத்தமாக மண் இருந்தால் நெருப்பில் வெடித்துவிடும். ரீச்சருக்குத் தெரிந்த செங்கல் சூளையில் கல்லோடு கல்லாக வைத்துச் சுட்டோம். நல்ல சிவப்பாக வந்தது. ஒரு கீறல் இல்லை. ரீச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இப்பதான் ஆள் நிக்கிறா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பெயர் எனக்கு வராமல் பேய்க்குப் போய்விடுமே என்ற கெட்ட எண்ணமும் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்தானே.

இதோடு நின்றிருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். தடி, குழாய், ஈரம், என் கைப்பழக்கம் என்று ஏதாவது சொல்லி எனக்கு நானே சமாதானம் செய்திருப்பேன். அப்படிச் சமாதானமாகித்தான் இருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அக்காவின் காலைப் பார்க்க நாயாற்றுக்குப் போனேன். காலை பத்து மணியிருக்கும். முற்றமெல்லாம் கருவாடு காய்கிறது. அக்கா கொஞ்சம் சதை பிடித்து, நல்ல முகமாக இருந்தா. இருந்த கையோடு, முகத்தையும் ஒருக்கால் செய்து தரட்டோ, சுட்டதற்கு மேலே வேறு விதமாக ஒட்டிச் செய்யலாம் என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, இப்ப எனக்கு முகம் வருகுது" என்றா. "கண்ணை மூடத் தேவையில்லை."

தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனா. நான் விறாந்தையில் இருந்தபடி உள்ளே பார்த்தேன். அறைக்குள் ஒரு சின்ன மேசையில், வாசலைப் பார்த்தபடி பிள்ளையை வைத்திருந்தா. பார்த்ததும் ஏதோ பிசகாகப் பட்டது. எழும்பிக் கிட்டப் போனேன். ஏறியிருந்தது வலது இடுப்பு. வளைந்து அணைத்திருந்தது வலது கை. இடது கை சும்மா தொங்கியது.

வேறு உருவமோ என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முதுகில் நான் வெட்டி ஒட்டிய தழும்பு அப்படியே இருந்தது, என் பெருவிரல் அடையாளம்கூட இருந்தது. சுட்ட மண். நிலத்தில் போட்டால் சல்லி சல்லியாக உடையும், ஆனால் ஒரு மயிரளவும் வளையாது. வெடிப்பைத் தேடினேன், இல்லை. ஒட்டைத் தேடினேன், இல்லை.

அக்கா தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் நின்றா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்த்தா.

"ஓம், மாத்திப் போட்டாள்" என்றா. "கனநேரம் ஒரு பக்கம் வச்சிருந்தாக் கை உளையுமெல்லே. அப்பவும் அவள் இப்பிடித்தான், பக்கம் மாத்தி மாத்தித் தூக்கிறவள். நீங்கள் குடியுங்கோ, ஆறப்போகுது."

குடித்தேன். அவாவின் காலைக் கழற்றிப் பார்த்துப் பட்டியை இறுக்கினேன், எழுப்பி நிற்க வைத்து இடுப்பில் கை வைத்தேன், மட்டமாக இருந்தது, கருவாட்டுப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வருடம் ஒன்றாகிறது. வாசலில் வாசுகி கட்டுகிற தேசிக்காயை இன்றைக்கும் நான் மதிக்கிறதில்லை, பேய்க் கதை சொல்ல வருகிறவரை இன்றைக்கும் மடக்குகிறேன். ஆனால் எத்தனையோ ஆயிரம் பேரின் இடுப்பில் யோசிக்காமல் கை வைத்தவன், அன்றைக்கு அந்தச் சுட்ட மண்ணின் இடுப்பில் மட்டும் கை வைத்துப் பார்க்கவில்லை. இறுகுமோ என்று பயந்தல்ல. அவள் தூக்கி வைத்திருக்கிற பிள்ளையின் காலில் என் கை பட்டுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.